பனி என்றால் காய்ச்சல்

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குமுன் வரும் கடைசித் தமிழ்நாட்டு ஊர் புளியறை. இருபுறமும் நெல் வயல். கண்ணுக்கு நேரே மேற்குத் தொடர்ச்சி மலை. சாரல் காலத்தில் மலையின் மேல் பாதியை மேகம் மூடியிருக்கும். வரிசையில் நிற்கும் லாரிகளைக் கடந்து, சோதனைச் சாவடியைத் தாண்டி, எஸ் வளைவில் ஏறினால் ஆரியங்காவு, கேரளம் வந்துவிடும். இந்த எல்லைக்கோடு ஒன்றும் பழையது இல்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. மண்ணைப் பிரித்தார்கள், பேச்சு பிரியவில்லை. இந்தப் பக்கத்துத் தமிழில் கொஞ்சம் மலையாளம் ஒட்டியிருக்கும், அந்தப் பக்கத்து மலையாளத்தில் கொஞ்சம் தமிழ்.

எல்லையோரத்து மருத்துவமனையின் ஓ.பி.யில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து, "ரெண்டு திவசமா பனி, டாக்டரே" என்று சொன்னால், மதுரையிலோ சேலத்திலோ வளர்ந்த மருத்துவ மாணவருக்குச் சட்டென்று மார்கழிதான் நினைவுக்கு வரும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். தலைகறக்கம் என்றால் தலைச்சுற்றல். சர்தி என்றால் வாந்தி. வயறிளக்கம் என்றால் வயிற்றுப்போக்கு. காய்ச்சலைப் பற்றி நூறு பக்கம் மனப்பாடமாக இருக்கலாம். எதிரே இருப்பவர் காய்ச்சலைத்தான் சொல்கிறார் என்று புரியாதவரை அந்த நூறு பக்கத்தில் ஒரு வரியும் திறக்காது.

மருத்துவத் தேர்வுக்கான திருப்புதல் என்றால் வெளியில் இருப்பவர்கள் மனதில் வருவது தடித்த புத்தகமும் மஞ்சள் மார்க்கர் பேனாவும் இரவு இரண்டு மணித் தேநீரும்தான். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் தேர்வில் மாணவர் தடுமாறுவது படிக்காததால் மட்டும் இல்லை. படித்தது தேவைப்படும் நொடியில் வெளியே வராமல் நின்றுவிடுவதும் ஒரு காரணம். உள்ளே போட்டதற்குச் செலவழித்த நேரத்தில் கால்வாசியைக்கூட வெளியே எடுத்துப் பார்க்கச் செலவழிக்காதவர்கள் ஏராளம்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. இறுதியாண்டில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் என்று பெரிய பாடங்கள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எழுத்துத் தேர்வை விட மாணவர்கள் அதிகம் அஞ்சுவது கிளினிக்கல் தேர்வுக்கு. வார்டில் ஒரு நோயாளியைக் காட்டி, "இவர்தான் உங்கள் லாங் கேஸ்" என்பார்கள். அவரிடம் பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, என்ன நோய் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். பிறகு வேறு கல்லூரியிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். அடுத்து ஷார்ட் கேஸ், அதற்கடுத்து வைவா எனும் வாய்மொழித் தேர்வு. அங்கே புத்தகம் திறந்து பார்க்க முடியாது. "தெரியும் சார், நாக்கு நுனியில இருக்கு" என்பதற்கு மதிப்பெண்ணும் கிடையாது.

இதற்குப் பிறகும் ஓய்வில்லை. மேற்படிப்புக்கான நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறினால் ஒன்று கழியும். வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ.யில் 300 கேள்விகளுக்குக் குறைந்தது 150 சரியாக இருக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் பெரும்பகுதி, "இந்த நோயின் காரணம் என்ன?" என்று நேராகக் கேட்பதில்லை. "நாற்பது வயது விவசாயி, மூன்று நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு" என்று ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் கேட்கும். கணினித் திரையில் வந்தாலும் அவர் ஒரு நோயாளிதான். நெல் வயலில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றவர் என்று யூகிக்கத் தெரிந்த மாணவருக்கு எலிக்காய்ச்சல் என்ற விடை தானாக வரும்.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தன்னையே சோதனைப் பொருளாக்கிப் பார்த்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கெடுத்து 1885-இல் நூலாக வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. அதன் பிறகு மறதியின் வேகம் குறைகிறது. மாணவர்கள் இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. எந்த நேரத்தில் திரும்பத் தொட வேண்டும் என்பதை அவர் கணக்கு சொல்லித் தருகிறது.

எப்படித் தொட வேண்டும் என்பதற்கு விடை வர இன்னும் நூற்றிருபது ஆண்டு ஆனது. 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நான்கு முறை படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. மருத்துவர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். மேற்படிப்பு மருத்துவர்களுக்கு ஓயாத வலிப்பு, தசைச் சோர்வு நோய் என இரண்டு தலைப்புகளைக் கற்பித்து, ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்கவும் மற்றொன்றில் திரும்பத் திரும்பத் தேர்வெழுதவும் வைத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு படித்ததில் 26 சதவீதமும், தேர்வெழுதியதில் 39 சதவீதமும் நினைவில் நின்றன. 2009-இல் வெளியான ஆய்வு இது.

ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வந்த அந்த 83 சதவீதத்தில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பக்கத்தைப் புரட்டும்போது, "இது தெரியும், இதுவும் தெரியும்" என்று மனம் தலையாட்டும். பார்த்த முகத்தை அடையாளம் தெரிவது வேறு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிவது வேறு. திருமண வீட்டில் எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. தேர்வறை பெயரைத்தான் கேட்கிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு இது தெரிந்திருந்தது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஓர் இரவு இடைவெளி விட்டு, ஏட்டைப் பார்க்காமல், வாயால் சொல்ல வைப்பது. இன்றைய மாணவர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆங்கி என்ற செயலியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கேள்வியைக் காட்டும், விடையைச் சொல்லிப் பார்த்தபின் திருப்பிக் காட்டும், எளிதாக வந்தால் பல நாள் கழித்தும், தடுமாறினால் மறுநாளே திரும்பவும் கேட்கும். சித்த மருத்துவ ஏடுகள் பாட்டாக இருப்பதும் வாயால் சொல்லி நிலைநிறுத்தத்தான். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வரும். குற்றால மலையின் மூலிகைகளைத் தேடி வந்த வைத்தியர்கள் பையில் புத்தகம் சுமந்து வரவில்லை.

ஆனால் செயலி ஒன்று போதும் என்று நம்பிவிடுவதும் ஆபத்து. ஆயிரம் அட்டைகளில் ஆயிரம் துண்டுச் செய்திகள் இருக்கலாம். ஒன்றுக்கொன்று உறவில்லாத துண்டுகள் நோயாளியின் படுக்கையருகே உதவுவதில்லை. அவற்றைக் கோத்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும்.

புளியறை வயலில் இரவு மடை திறக்கப் போன ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். வரப்பில் கால் வைக்கும்போது ஏதோ கடித்தது. காலில் வீக்கம் ஏறுகிறது, ஈறில் இரத்தம் கசிகிறது. இந்த ஒரே ஆளை வைத்து ஒரு மாலைத் திருப்புதலை நடத்திவிடலாம்.

முதலில், இரத்தம் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். சிரையிலிருந்து இரண்டு மில்லி இரத்தம் எடுத்து அதில் விட வேண்டும். ஆட்டக்கூடாது, குலுக்கக்கூடாது, எடுத்து எடுத்துப் பார்க்கவும் கூடாது. சுவரோரம் ஸ்டாண்டில் வைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்க வேண்டும். கட்டியாக நின்றால் சரி. தண்ணீராய் ஓடினால் விரியன் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைத் தின்றுவிட்டது என்று பொருள். குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும்? கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக்கில் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் அப்படியே. "டுவென்டி மினிட்ஸ் ஹோல் பிளட் கிளாட்டிங் டெஸ்ட்" என்று பெயரை மட்டும் ஒப்பிக்கிறவரும், குழாயை ஒரு முறையாவது கையில் பிடித்துச் சாய்த்தவரும் வைவாவில் ஒரே மாதிரி பதில் சொல்ல மாட்டார்கள்.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. தொடக்கத்தில் வழக்கமாகப் பத்துக் குப்பி. இங்கேதான் எக்ஸ்டர்னல் கொக்கி போடுவார்.

"கடி பட்டது ஆறு வயசுக் குழந்தைன்னா எத்தனை குப்பிம்மா?"

"எடைக்குத் தக்கபடி குறைப்பேன், சார்."

"பாம்பு எடை பார்த்தா விஷத்தை விட்டுச்சு?"

குழந்தைக்கும் அதே பத்துதான். முறிக்க வேண்டியது உள்ளே போன விஷத்தை. உடம்பின் எடையை இல்லை. காரணம் புரிந்த பிறகு இந்தச் செய்தியை மறப்பது கடினம்.

மருந்து ஏறும்போது உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தச் சரிவு வரலாம். உடனே அதை நிறுத்தி, அரை மில்லிகிராம் அட்ரீனலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும்; சிரையில் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் குழாய்ச் சோதனை. ஏன் ஆறு? விஷம் தின்ற உறைபொருள்களைக் கல்லீரல் மறுபடி செய்து தர ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அடுத்து சிறுநீர். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு குறைந்தால் பொட்டாசியத்தைப் பார்க்க வேண்டும். இயல்பு 3.5 முதல் 5 வரை. அது ஏறினால் இ.சி.ஜி.யில் டி அலை கூடாரம் போல நிமிரும். முதலில் கால்சியம் குளுக்கோனேட் கொடுப்பார்கள். அது பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காது. இதயத்தை மட்டும் காத்துக்கொண்டிருக்கும். குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும். அதற்கும் மசியாவிட்டால் டயாலிசிஸ். பாம்பு, இரத்தம், ஒவ்வாமை, கல்லீரல், சிறுநீரகம், இதயம் என்று ஆறு அத்தியாயங்கள் ஒரு விவசாயியின் காலடியில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

புத்தகம் நான்கு பாம்புகளைச் சொல்லித் தரும்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்தை வைத்துச் செய்யப்படுகிறது. அந்த விஷத்தை எடுத்துத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு. ஆனால் புளியறையிலிருந்து தலையை நிமிர்த்தினால் தெரியும் மலைக்கு ஐந்தாவதாக ஒன்று சொந்தம். மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும், சிறிய, பழுப்பு நிறக் குழிவிரியன். தோட்டங்களில் உதிர்ந்த இலைக்கு நடுவே கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. இதன் கடியைப் பல இடங்களில் சுருட்டை விரியன் கடி என்றே எண்ணி, கேட்காத மருந்தைக் குப்பி குப்பியாக ஏற்றியிருக்கிறார்கள். கேரளத்து நோயாளிகளை ஆராய்ந்து 2007-இல் வந்த ஒரு கட்டுரைதான் இதை உரக்கச் சொன்னது. இரத்தம் உறையாமல் போவதும் சிறுநீரகம் பழுதாவதும் இதிலும் உண்டு. நம் மருந்து இதற்கு வேலை செய்யாது. நான்கு என்று விரல் மடக்கிப் படிக்கும் மாணவர், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வேலைக்கு வந்தால் ஐந்தாவது விரலையும் மடக்க வேண்டும். பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்ததால், எந்தப் பகுதியில் எது கடிக்கிறது என்ற கணக்கு இனிமேல் தெளிவாகும்.

தேர்வு வார்டின் இன்னொரு பழைய விருந்தாளி ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர். இருபது, முப்பது வயதுப் பெண்ணாக இருப்பார்; இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இதயத்தில் மிக மெல்லிய உறுமல் ஒன்று கேட்க வேண்டும். எல்லோருக்கும் கேட்காது. கேட்க ஒரு முறை இருக்கிறது. "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணம் போன்ற பக்கத்தை இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இலேசாக, தோலைத் தொட்டும் தொடாமலும். "மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க." இப்போது தூரத்தில் இடி உருள்வதுபோல ஒன்று கேட்கும். ஆர்வக்கோளாறில் கருவியை அழுத்தினால் தோல் இறுகி, கிண்ணம் தட்டையான சவ்வாக மாறிவிடும். உறுமல் காணாமல் போகும். "மிட் டயஸ்டாலிக் மர்மர்" என்று சொற்களைப் பிழையில்லாமல் எழுதியவர்கள் பலர் அந்த அழுத்தலில்தான் கேஸைக் கோட்டை விடுகிறார்கள். இதற்கான திருப்புதல் காதிலும் விரலிலும் நடக்க வேண்டும். விடுதி அறையில் நண்பனைப் படுக்கவைத்து நூறு நல்ல இதயங்களைக் கேட்டவருக்குத்தான் கெட்டுப்போன ஒன்று தனியாகக் கேட்கும்.

சென்னை மருத்துவர் ஆர். அழகப்பனின் 'மேனுவல் ஆஃப் பிராக்டிகல் மெடிசின்' போன்ற நூல்கள் தமிழ்நாட்டு விடுதிகளில் கைமாறிக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கிளினிக்கல் தேர்வுதான் காரணம். 1897-இல் முதலில் வந்த ஹட்சிசனின் நூலும் பரிசோதனை முறைகளுக்காக இன்றுவரை படிக்கப்படுகிறது. புத்தகத்தில் குறையில்லை. அதைப் படுக்கையறையிலேயே வைத்துப் படித்து முடித்துவிடுவதுதான் வருத்தம் தருகிறது.

தமிழ்நாட்டு மாணவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் படிப்பது ஆங்கிலத்தில். நோயாளியிடம் கேட்பது தமிழில். திரும்ப எக்ஸ்டர்னலிடம் சொல்வது ஆங்கிலத்தில். நடுவே இரண்டு முறை மொழி மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நோய் கைநழுவ வாய்ப்பிருக்கிறது. "மயக்கமா வருது" என்கிறார் ஒரு பெரியவர். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்பி விழுந்தாரா? பேச்சில் மூன்றையும் மயக்கம் என்றே சொல்லிவிடுவார்கள். மருத்துவத்தில் முதலாவது பெரும்பாலும் உள்காதுக்கும், இரண்டாவது இரத்த அழுத்தத்துக்கும், மூன்றாவது இதயத்துக்கோ மூளைக்கோ கொண்டுபோகும். "வீடு சுத்துற மாதிரி இருக்கா, தாத்தா? இல்ல, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" என்று கேட்கத் தெரிந்தவர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். இளைப்பு என்றால் மூச்சு வாங்குவது. இளைத்துவிட்டது என்றால் எடை குறைந்தது. நெஞ்சு கரிக்கிறது என்பது ஒன்று, நெஞ்சு அடைக்கிறது என்பது வேறொன்று. முன்னதற்கு வயிற்றைப் பார்க்கலாம், பின்னதற்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவர் "மேலுக்கு முடியல" என்றால் அதில் காய்ச்சல், உடம்பு வலி, அசதி எல்லாம் அடங்கியிருக்கும். பிரித்துக் கேட்க வேண்டியது மாணவரின் வேலை. பாரிசவாயு, நீர்க்கடுப்பு, சீதபேதி, அக்கி, பொன்னுக்கு வீங்கி என்று நம் பாட்டிமார்களிடம் ஒரு முழு அகராதி இருக்கிறது. ஆங்கிலப் பெயரைத் திருப்பும்போது அதன் தமிழ்ப் பெயரையும் சேர்த்துத் திருப்புவது கூடுதல் வேலை போலத் தோன்றும். கேள்வி அந்தப் பெயரில்தான் வரப்போகிறது.

இதை நூற்று எழுபது ஆண்டுக்கு முன்னமே உணர்ந்தவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து 1847-இல் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில். தாம் உருவாக்கும் வைத்தியர்கள் ஊர்மக்களிடம் அவர்கள் பேச்சில் பேச வேண்டும் என்று எண்ணி, பிறகு தமிழுக்கே மாறினார். உடற்கூறு, அறுவை, பிள்ளைப்பேறு நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கு மேல். அமெரிக்காவில் அவர் கல்லறையிலும் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறித்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு வேலை அதே வேகத்தில் தொடர்ந்திருந்தால் இன்றைய மாணவரின் மேசையில் இரண்டு மொழியும் அருகருகே இருந்திருக்கும்.

திருப்புதலில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மருத்துவச் செய்திக்குக் காலாவதித் தேதி உண்டு. நாய்க்கடி என்றதும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரே சொல்லும். ஆட்டின் மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-இல் நிறுத்திவிட்டது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை வந்தால் போதும். அதற்கெல்லாம் முன்னதாக, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். தேர்வில் மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடும் வரியும், வீட்டில் மக்கள் அடிக்கடி செய்யாமல் விடும் வேலையும் இதுதான். பாம்புக்கடிக்கு இறுகக் கட்டுவதும் கீறி விடுவதும் கைவிடப்பட்டு நாளாகிறது. இதயத்துடிப்பு நின்றவருக்கு முதலில் மூச்சுப்பாதை என்று இருந்த வரிசை 2010-இல் மாறி, மார்பை அழுத்துவது முன்னால் வந்தது. அண்ணன் படித்த நோட்டை வாங்கிப் படிக்கும் தம்பி, அது எந்த வருடத்து நோட்டு என்று முதலில் பார்க்க வேண்டும்.

வயலில் பூச்சிமருந்து அடித்துவிட்டு மயங்கியவரையும், பாம்புக்கடியைப் போலவே, காரணத்தோடு படிக்க வேண்டும். உடம்பில் நீர் வரக்கூடிய வழிகளிலெல்லாம் நீர் வரும்: கண்ணீர், எச்சில், வேர்வை, சளி, சிறுநீர், வயிற்றுப்போக்கு. கண்மணி மட்டும் ஊசிமுனையாகச் சுருங்கும். ஆங்கில எழுத்துகளைக் கோத்து ஒரு சுருக்கச் சொல்லை மாணவர்கள் இதற்கு வைத்திருக்கிறார்கள். தமிழ் அறிந்தவருக்கு 'நீர் வரும் வழியெல்லாம் நீர் வரும்' என்ற ஒரு வாக்கியமே போதுமானது. மாற்று மருந்து அட்ரோபின். எதுவரை கொடுப்பது? கண்மணி விரிந்துவிட்டதே என்று நிறுத்திவிடக் கூடாது. நுரையீரலில் சளிச்சத்தம் அடங்கி, நாடியும் இரத்த அழுத்தமும் தேறியிருக்க வேண்டும். ஆளைக் கொல்வது அந்த நுரையீரல் நீர்தான் என்று தெரிந்தவருக்கு இந்த விடையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

புளியறைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் தட்சிணாமூர்த்தியை வணங்கத்தான். வியாழக்கிழமை என்றால் கூட்டம் கூடும். கல்வி கைகூட வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் அதில் பலர். மருத்துவத் தேர்வெழுதும் பிள்ளைகளின் பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். ஸ்டடி லீவுக்கு வீட்டுக்கு வந்த பிள்ளையைக் கதவைச் சாத்திவைத்து, சாப்பாட்டைத் தட்டில் போட்டு உள்ளே அனுப்பும் வீடுகள் நிறைய. அன்புதான். அதே அன்பில் அம்மாவோ அப்பாவோ கேள்வித் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரே உட்காரலாம். அவர்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. "இதுக்கு என்ன பதில், சொல்லு" என்று கேட்டு, பிள்ளை வாயைத் திறக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும். தாத்தா, பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் வலி எப்போது தொடங்கியது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, எந்த மாத்திரை ஒத்துக்கொண்டது என்று அவர்களிடம் கேட்டு எழுதினால் அது ஒரு முழு கேஸ்.

இனி அந்தப் பெண்மணி. இரண்டு நாளாகப் பனி என்று வந்தவர். காய்ச்சலைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்ட மாணவி கேட்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன வேலை, அம்மா? தோட்ட வேலை. புதர் வெட்டப் போனீங்களா? போன வாரம் போனேன். மழைக்குப் பின்வரும் குளிர்ந்த மாதங்கள், மலையடிவாரம், புதர், காய்ச்சல், தலைவலி. ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம் என்று அவர் மனதில் ஓடுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியின் குஞ்சு கடித்துப் பரப்பும் காய்ச்சல் இது. டாக்சிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சிரைவழி கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதை விட மேல் என்று 2023-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு காட்டியது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் இருப்பதும் இல்லை. இருந்தால் அக்குளில், மார்புக்கடியில், தொடையிடுக்கில் ஒளிந்திருக்கும்.

மாணவி செவிலியரை உடன் அழைத்து, திரையை இழுத்து விடுகிறார். "கையக் கொஞ்சம் தூக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, டார்ச்சை அக்குள் பக்கம் திருப்புகிறார்.